வயலே இல்லாத ராஜ்ஜியம்!

குட்டீஸ், உங்களில் யாருக்கெல்லாம் 13 வயது? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! அந்த வயதுப் பையன் ஒருவனிடமிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது. கதை என்று சொன்னாலும் இது நிஜமாகவே நடந்தது.

பையனின் பெயர் எர்னாண்டோ டி எஸ்கலான்டே ஃபொன்டனேடா. ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை அல்லவா? நாம் எர்னாண்டோ என்றே கூப்பிடுவோம். தென் அமெரிக்காவில், இன்றைய கொலம்பியா நாட்டில் இருக்கும் கார்த்தஹேனா என்ற துறைமுக நகரம் அவன் ஊர். அப்பா, அம்மா ஸ்பெயின் நாட்டுக்காரர்கள். 'பிள்ளை ஸ்பெயினுக்குப் போய் நன்றாகப் படிக்கட்டும்' என்று கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். அது கிட்டத்தட்ட 1549-ஆம் ஆண்டு.

கப்பல் ஸ்பெயின் போய்ச் சேரவில்லை. ஃபுளோரிடா கரையோரம் உடைந்துபோனது. உயிர் தப்பிக் கரை ஏறியவர்களை அங்கிருந்த மக்கள் பிடித்துக்கொண்டார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். எர்னாண்டோ பிழைத்தான். அதன் பிறகு சுமார் 17 வருடங்கள் அந்த நாட்டு மக்களோடுதான் வாழ்ந்தான். பள்ளிக்கூடம் போகக் கிளம்பிய பையன், 30 வயது ஆளாகத்தான் தன் சொந்த மக்களிடம் திரும்பினான்! 1575 வாக்கில், தான் பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தான்.

அவன் எழுதியதில் பெரிய ராஜா ஒருவர் வருகிறார். தெற்கு ஃபுளோரிடாவின் பல ஊர்கள் அவருக்குக் கப்பம் கட்டின. தோல், பாய், பறவை இறகு, உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்த பொருட்கள் என்று எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன. அந்த மக்களின் பெயர் கலூசா. அதற்கு 'மூர்க்கமான மக்கள்' என்று பொருளாம். இதுவும் எர்னாண்டோ எழுதி வைத்ததுதான்.

இதில் என்ன அதிசயம், ராஜா என்றால் கப்பம் வாங்கத்தானே செய்வார் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள் சமூக அறிவியல் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். ஆதி மனிதன் வேட்டையாடினான், மீன் பிடித்தான், கிழங்கு தோண்டினான். பிறகு விவசாயம் கண்டுபிடித்தான். தானியம் மிச்சமானது. மிச்சத்தைச் சேர்த்து வைக்கக் களஞ்சியம், காவல் காக்க வீரர்கள், கணக்குப் பார்க்க அதிகாரிகள், எல்லோருக்கும் மேலே ஒரு ராஜா. எகிப்தில் கோதுமை, சீனாவில் நெல், மெக்சிகோவில் மக்காச்சோளம். 'வயல் இல்லாமல் அரண்மனை இல்லை' என்றுதான் அறிஞர்களும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கலூசா மக்களிடம் மக்காச்சோள வயல் கிடையாது. நெல் கிடையாது, கோதுமையும் கிடையாது. ஆனால் ராஜா இருந்தார். பிரபுக்கள், பூசாரிகள், போர்வீரர்கள் இருந்தார்கள். மலை போன்ற மேடுகளும், படகு போகும் கால்வாய்களும், ராஜாவுக்கு மாளிகையும் இருந்தன. எல்லாவற்றையும் தாங்கி நின்றது ஒரே ஒரு பொருள்.

மீன்!

எங்கே இருந்தது இந்த ராஜ்ஜியம்?

உலக வரைபடத்தை எடுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் கட்டைவிரலைப் போல ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதுதான் ஃபுளோரிடா. அந்த விரலின் மேற்குப் பக்கம், கீழ்ப்பாதியில்தான் கலூசா நாடு. பீஸ், மயாக்கா, கலூசஹாட்சி என்று மூன்று ஆறுகள் அங்கே கடலில் கலக்கின்றன. 'ஹாட்சி' என்றால் அந்தப் பக்கத்துப் பழங்குடியினர் மொழியில் ஆறு. 'கலூசா ஆறு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இடத்தைக் கழிமுகம் என்று படித்திருப்பீர்கள். இங்கே கழிமுகத்துக்கு முன்னால் வரிசையாகச் சிறு தீவுகள் வேலி போட்டது போல நிற்கின்றன. அதனால் உள்ளே பெரிய அலை கிடையாது. தண்ணீர் ஆழமும் இல்லை. பல இடங்களில் இடுப்பளவுதான். அடியில் கடற்புல், ஓரத்தில் அலையாத்திக் காடு. மீன் குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடைக்குமா? ஆறு கொண்டுவரும் சத்து, ஒளிந்துகொள்ளப் புல், வெதுவெதுப்பான தண்ணீர். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஆறு மாதம் விதைத்துக் காத்திருக்க வேண்டாம். வீட்டு வாசலிலேயே நீந்திக்கொண்டிருக்கிறது!

குப்பை சொன்ன சேதி

கலூசா மக்கள் புத்தகம் எதுவும் எழுதி வைக்கவில்லை. எர்னாண்டோவும் மற்ற ஸ்பெயின்காரர்களும் எழுதியது கொஞ்சம்தான். அதுவும் வெளியாட்கள் எழுதியது. அப்படியென்றால் அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று இன்று நமக்கு எப்படித் தெரியும்?

குப்பையைக் கிளறித்தான்! தொல்லியல் ஆய்வாளருக்குத் தங்கப் புதையலைவிடக் குப்பைமேடு உயர்ந்தது. தங்கத்தை ராஜா மட்டும்தான் வைத்திருப்பார். குப்பையை எல்லோரும் போடுவார்கள் அல்லவா?

கலூசா மக்கள் விட்டுச்சென்ற மேடுகள் சிப்பி ஓடு, சங்கு, மீன் முள் இவற்றால் ஆனவை. நூற்றுக்கணக்கான வருடங்கள் சாப்பிட்டுப் போட்டது. சில மேடுகள் தானாகச் சேர்ந்தவை. சிலவற்றை வேண்டுமென்றே கூடை கூடையாக அள்ளிக் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். எஸ்டெரோ விரிகுடாவில் உள்ள 'மவுண்ட் கீ' என்ற தீவில் இருக்கும் பெரிய மேடு 30 அடிக்கு மேல் உயரம். மூன்று மாடி வீடு உயரம்! அந்தப் பகுதி முழுக்கத் தோசைக்கல் மாதிரி தட்டையான நிலம். அங்கே 30 அடி என்றால் மலைதான். ('கீ' என்றால் சாவி இல்லை, குட்டீஸ். சிறு தீவு என்று பொருள் தரும் 'கயோ' என்ற ஸ்பானியச் சொல்தான் ஆங்கிலேயர் வாயில் 'கீ' ஆகிவிட்டது.)

இந்த மேடுகளை முதலில் பார்த்தவர்கள், 'அடேயப்பா, இவ்வளவு சிப்பியா! இவர்கள் சிப்பி தின்றே வாழ்ந்திருப்பார்கள் போல' என்று நினைத்தார்கள். தப்பு! எப்படித் தெரிந்தது? சல்லடையை மாற்றியதால்.

பெரிய கண் சல்லடையில் மண்ணைச் சலித்தால் சிப்பி ஓடுதான் தங்கும். மீன் முள் எல்லாம் கீழே விழுந்துவிடும். ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் மார்க்வார்ட், கேரன் வாக்கர் போன்றவர்கள் 1980-களிலிருந்து பொடிக்கண் சல்லடை வைத்துப் பொறுமையாகச் சலித்தார்கள். அரிசியைவிடச் சின்ன எலும்புகளைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இது எந்த மீன் என்று அடையாளம் கண்டார்கள். மடவை, கெளுத்தி, உள்ளங்கை நீளமே வரும் 'பின்ஃபிஷ்' என்ற பொடிமீன்! அது கூட்டம் கூட்டமாக வரும். தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடித்தால் கட்டுப்படியாகாது. வலை போட்டு அள்ள வேண்டும். ஆக, கண்ணை நிறைத்தது சிப்பி. வயிற்றை நிறைத்தது மீன்.

சிப்பி ஓட்டையும் அவர்கள் சும்மா விடவில்லை. மரத்தை வெட்டினால் வளையம் வளையமாகத் தெரியும் அல்லவா? அதேபோலச் சிப்பி ஓட்டிலும் வளர்ச்சிக் கோடுகள் உண்டு. ஓட்டை மெல்லிசாக அறுத்துக் கோடுகளைப் பார்த்தால், அந்தச் சிப்பியை எந்தப் பருவத்தில் பிடித்தார்கள் என்றே சொல்லிவிடலாம். எல்லாப் பருவத்திலும் ஆட்கள் இருந்திருந்தால், அவர்கள் வந்து போகிற நாடோடிகள் அல்ல, ஊர் போட்டு வாழ்ந்தவர்கள். குப்பை எப்படியெல்லாம் பேசுகிறது பாருங்கள்!

அந்தக் கடலில் கல் கிடைப்பது அபூர்வம். இரும்போ செம்போ வெட்டி எடுக்கும் சுரங்கமும் இல்லை. அதனால் சுத்தியல், கோடரி, தண்ணீர் குடிக்கும் குவளை எல்லாமே சங்குதான். துளை போட்ட சிப்பி ஓடுகள் வலைக்குக் கனம் கட்ட உதவின. சுரைக்குடுக்கையும் மரக்கட்டையும் மிதவைகள். பனை ஓலை நாரில் கயிறு. எல்லா வலைக் கண்ணும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதற்காக அளவுகோல் கட்டைகூடச் செய்து வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அவர்கள் அதிகம் பயன்படுத்திய சங்குக்கு 'மின்னல் சங்கு' என்று பெயர். அது நம் ஊரில் வலம்புரி என்று சொல்கிறோமே, அந்தப் பக்கமாகச் சுழன்றிருக்கும். நம் கடலில் வலம்புரிச் சங்கு லட்சத்தில் ஒன்று என்பார்கள். ஃபுளோரிடா கடலில் மின்னல் சங்கு பெரும்பாலும் எல்லாமே அப்படித்தான்! இது தெரிந்த சிலர், அந்த அமெரிக்கச் சங்கை இறக்குமதி செய்து 'அசல் வலம்புரி' என்று நம்மவர்களிடம் விற்றுவிடுகிறார்கள். கலூசா வீட்டில் சுத்தியலாக இருந்த சங்கின் சொந்தக்காரச் சங்கு, இங்கே யார் வீட்டுப் பூஜை அறையிலோ இருக்கலாம்!

கடலுக்குள் ஒரு களஞ்சியம்

சரி, மீன் நிறைய இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். நெல்லை மூட்டை கட்டி வருடக்கணக்கில் வைக்கலாம். மீனை? காலையில் பிடித்தது மாலையில் நாறிவிடும். மிச்சம் பிடித்துச் சேமிக்க முடியாவிட்டால் ராஜா எங்கிருந்து விருந்து வைப்பார்? மாளிகை கட்டும் வேலையாட்களுக்கு யார் சோறு போடுவது?

இந்தக் கேள்விக்கான விடை மவுண்ட் கீ தீவிலேயே இருந்தது. தீவை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பெரிய கால்வாய் போகிறது. நீளம் ஏறக்குறைய 2,000 அடி. அகலம் சராசரியாக 100 அடி. கால்வாயின் வாயில், இரண்டு பக்கமும் சிப்பியும் மண்ணும் கலந்து கட்டிய வரப்புகள். வரப்புக்கு உள்ளே பெரிய செவ்வக வடிவப் பள்ளம். 'நீர் முற்றம்' என்று இவற்றுக்குப் பெயர். பெரியது சுமார் 36,000 சதுர அடி. ஏழு கூடைப்பந்து மைதானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி!

எதற்காக இதைக் கட்டினார்கள் என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விக்டர் தாம்சன், மார்க்வார்ட், வாக்கர் இவர்கள் குழு அங்கே மண்ணைத் தோண்டியது. நீளமான குழாயை இறக்கி மண் மாதிரி எடுத்தது. விமானத்திலிருந்து லேசர் கதிர் வீசி அளந்தது. வரப்புக்குள் மீன் முள்ளும் செதிலும் கிடைத்தன. மடவைச் செதிலும் அதில் உண்டு. 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். அவை மீன் பிடித்து, உயிரோடு அடைத்து வைக்கும் குளங்கள்!

எப்படி வேலை செய்தது தெரியுமா? கடல் ஏறும்போது மீன் கூட்டம் கால்வாய்க்குள் வரும். வரப்பில் ஒரு இடத்தில் வாசல் விட்டிருக்கிறார்கள். மீனை அந்த வாசல் வழியாக உள்ளே விரட்ட வேண்டியது. பிறகு வலையோ படலோ வைத்து வாசலை அடைத்துவிட வேண்டியது. அவ்வளவுதான்! வேண்டும்போது வேண்டிய அளவு பிடித்துக்கொள்ளலாம். மிச்சத்தைக் கரையிலேயே காயவைத்து, புகை போட்டுப் பதப்படுத்தியிருப்பார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வயலுக்குப் பதில் குளம், களஞ்சியத்துக்குப் பதில் கருவாடு!

இந்த நீர் முற்றங்கள் கி.பி. 1300-க்கும் 1400-க்கும் இடையில் கட்டப்பட்டவை. அதற்குச் சற்று முன்னால், 1250 வாக்கில் கடல் மட்டம் கொஞ்சம் தாழ்ந்தது. மீன் வரத்து குறைந்திருக்கும். அந்தக் கஷ்டகாலம்தான் இப்படி யோசிக்க வைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதே காலத்தில்தான் மேட்டின் உச்சியில் ராஜாவின் மாளிகையையும் பெரிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

மாளிகை என்றதும் கல் தூண், தங்கக் கதவு என்று கற்பனை செய்துவிடாதீர்கள். மரக்கம்பம் நட்டு, ஓலை வேய்ந்தது. ஆனால் அதற்குள் 2,000 பேர் நெருக்கடி இல்லாமல் நிற்கலாம் என்று 1566-இல் அதைப் பார்த்த ஸ்பெயின்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'சும்மா அளக்கிறார்கள்' என்றுதான் பலர் நினைத்தார்கள். தாம்சன் குழு மேட்டைத் தோண்டியபோது, கம்பம் நட்ட குழிகளின் தடங்கள் கிடைத்தன. கி.பி. 1000 வாக்கில் தொடங்கி, அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கட்டிய ஒரு பெரிய கட்டடம்!

இன்னொரு கால்வாயைச் சொல்லாமல் விட முடியாது. பைன் தீவின் குறுக்கே, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். தீவைச் சுற்றிக்கொண்டு போகாமல், குடைந்த மரத் தோணியில் நேராகப் போய்விடலாம். மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை. சங்கும் மரக்குச்சியும் கையுமாக வெட்டியது!

சேற்றுக்குள் தூங்கிய பூனை

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

1895-இல், மார்க்கோ என்ற தீவில் ஒருவர் தோட்டத்துக்கு உரமாகச் சேறு வெட்டினார். சேற்றோடு மரச்சாமான்களும் கயிறும் வந்தன. செய்தி, ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் என்ற ஆய்வாளர் காதுக்குப் போனது. அவர் அப்போது உடல்நிலை சரியில்லாமல் பிலடெல்ஃபியாவில் சிகிச்சையில் இருந்தார். கேள்விப்பட்டதும் படுக்கையில் இருப்புக் கொள்ளுமா? நேரில் போய்ப் பார்த்தார். 1896-இல் ஆட்களோடு கப்பலில் வந்து இறங்கினார். கூடவே வெல்ஸ் சாயர் என்ற ஓவியர்.

நாற்றமெடுத்த சேறு, மொய்க்கும் கொசு. அதற்குள் இறங்கித் தோண்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் வந்தன! மர முகமூடிகள், ஓநாய்த் தலை, பெலிக்கன் பறவைத் தலை, கிண்ணங்கள், மிதவையோடு கூடிய வலைகள், பொம்மைத் தோணிகள். ஒரு மான் தலையின் காதுகளைத் தனியாகச் செதுக்கி, ஆட்டினால் ஆடும்படி கட்டியிருந்தார்கள். முகமூடிகளில் பூசிய வண்ணம் நேற்றுப் பூசியது போல இருந்ததாம். எல்லாவற்றிலும் உச்சம், சுமார் 6 அங்குல உயரமுள்ள ஒரு மரச்சிற்பம். பாதி மனிதன், பாதி சிறுத்தை. முழங்காலிட்டு, கைகளைத் தொடையில் வைத்து, பெரிய கண்களோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. 'மார்க்கோ பூனை' என்று செல்லப்பெயர்.

மரமும் கயிறும் இத்தனை நூற்றாண்டு எப்படி மக்காமல் இருந்தன? சேற்றுக்கு அடியில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால், மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் வேலை செய்ய முடியாது. சேறுதான் பெட்டகம்!

ஆனால் பெட்டகத்தைத் திறந்ததும் ஆபத்து தொடங்கியது. இத்தனை காலமும் மரத்தின் ஒவ்வொரு அணுவறைக்குள்ளும் தண்ணீர்தான் நிரம்பி, மரத்தைத் தாங்கி நின்றது. வெளியே எடுத்ததும் தண்ணீர் ஆவியானது. வெயிலில் வைத்த வெள்ளரிப் பிஞ்சு என்ன ஆகும்? அதேதான். முகமூடிகள் சுருங்கின, முறுக்கிக்கொண்டன, வெடித்தன. வண்ணம் மங்கியது. வலைகள் கையில் எடுத்ததும் பிய்ந்துபோயின. குஷிங்கின் கண் எதிரிலேயே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்!

அப்போதுதான் ஓவியர் சாயரின் அருமை தெரிந்தது. பொருள் வெளியே வந்த சூட்டோடு அவர் புகைப்படம் எடுத்தார், வண்ணத்தில் வரைந்தார். பல முகமூடிகள் இன்று உண்மையில் எப்படி இருந்தன என்பது அவருடைய ஓவியத்தில்தான் இருக்கிறது. பொருள் இல்லை, படம் இருக்கிறது. இந்தக் காலத்தில் என்றால், மரத்துக்குள் உள்ள தண்ணீரை மெதுவாக வெளியேற்றி, மெழுகு போன்ற ஒரு வேதிப்பொருளை ஏற்றிக் காப்பாற்றிவிடுவார்கள். 1896-இல் அந்த வித்தை யாருக்கும் தெரியாது.

பூனை மட்டும் கெட்டிக்காரப் பூனை. பெரிதாகச் சுருங்காமல் தப்பிவிட்டது. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அது, 2019-இல் கடனாகத் தன் சொந்த ஊரான மார்க்கோ தீவின் அருங்காட்சியகத்துக்கு வந்து, கண்ணாடிப் பேழைக்குள் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தது.

குஷிங்? முழு அறிக்கையை எழுதி முடிக்கும் முன்பே, 1900-இல், தன் 42-வது வயதில் இறந்துபோனார். சாப்பிடும்போது தொண்டையில் மீன் முள் சிக்கியதாம். மீன் மக்களின் ரகசியத்தைத் தோண்டியவருக்கு இப்படி ஒரு முடிவு!

(குஷிங் தோண்டிய ஊரில் வாழ்ந்தவர்கள் கலூசாவா, அவர்களுக்கு உறவான பக்கத்து மக்களா என்று அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. கலூசா ராஜாவின் செல்வாக்கு அங்கேயும் இருந்தது.)

விருந்தாளி வந்தார்

ஸ்பெயின்காரர்கள் முதலில் 1513-இல் வந்தார்கள். ஹுவான் போன்ஸ் டி லியோன் தலைமையில் வந்த கப்பல்களை, 80 தோணிகளில் வந்து எதிர்த்தார்கள் இந்த மக்கள். 1521-இல் அவர் மறுபடியும், இந்த முறை குடியேறவே வந்தார். அம்பு பாய்ந்தது. கியூபாவுக்குத் தூக்கிப் போனார்கள், அங்கே இறந்தார்.

1566-இல் வந்த பெட்ரோ மெனெண்டெஸ் வேறு மாதிரி. சமாதானமாக, இசைக் கருவிகள் முழங்க ஊருக்குள் போனார். ராஜாவின் பெயரைச் சொல்ல வராமல் 'கார்லோஸ்' ஆக்கிவிட்டார்கள். மாளிகையில் பெரிய வரவேற்பு. வெளியே நூற்றுக்கணக்கான சிறுமிகள், எல்லாம் உங்கள் வயதுதான், உட்கார்ந்து முறை வைத்துப் பாடினார்களாம். ராஜா தன் சகோதரியையே மெனெண்டெஸுக்குத் திருமணம் செய்து கொடுத்தார். ராஜாவின் தீவிலேயே ஸ்பெயின்காரர்கள் சான் அன்டோன் டி கார்லோஸ் என்ற கோட்டையும் கட்டிக்கொண்டார்கள்.

நட்பு நிலைக்கவில்லை. 1567-இல் அதே ஸ்பெயின்காரர்கள் ராஜா கார்லோஸைக் கொன்றார்கள். அடுத்து வந்த ராஜா பெலிப்பேயையும் கொன்றார்கள். கலூசா மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தீவையே காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். துப்பாக்கியும் பீரங்கியும் இருந்து என்ன? மீன் பிடித்துக் கொடுக்க ஆள் இல்லை. சோறு இல்லாத கோட்டையை 1569-இல் ஸ்பெயின்காரர்களும் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் கோட்டையின் சுவர்த் தடங்களையும் தாம்சன் குழுதான் மேட்டுக்கு அடியிலிருந்து கண்டுபிடித்து 2020-இல் அறிவித்தது.

அதற்குப் பிறகும் நூறு வருடங்களுக்கு மேல் கலூசா ராஜ்ஜியம் நின்றது. மதம் மாறச் சொல்லி வந்தவர்களையும் திருப்பி அனுப்பியது. ஆனால் கப்பலில் வந்த நோய்களுக்கு அம்பு எய்ய முடியுமா? பெரியம்மை போன்ற நோய்கள் அந்த மண்ணுக்குப் புதிது. 1700-க்குப் பிறகு வடக்கிலிருந்து, ஆங்கிலேயர் கொடுத்த துப்பாக்கிகளோடு வேறு பழங்குடியினர் வந்து, அகப்பட்டவர்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள். 1711-இல், தப்பிப் பிழைத்த 270 பேர் கப்பலில் கியூபா போனார்கள். அவர்களில் கலூசா தலைவரும் ஒருவர். அங்கே கிட்டத்தட்ட 200 பேர் நோயில் இறந்துபோனார்கள். எஞ்சியிருந்த கொஞ்சம் பேரும் 1763-இல், ஃபுளோரிடா ஆங்கிலேயர் கைக்குப் போனபோது கியூபாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

சிப்பி மேடுகளுக்கும் சோதனைதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் பல மேடுகளை வெட்டி, சாலை போட அள்ளிக்கொண்டு போனார்கள். ஆயிரம் வருடக் குப்பை, ஆயிரம் வருடப் புத்தகம் அல்லவா! மவுண்ட் கீ இன்று பாதுகாக்கப்பட்ட தொல்லியல் பூங்கா. படகில்தான் போக முடியும்.

கலூசா மொழி? அதைப் பேச இன்று ஒருவரும் இல்லை. சில ஊர்ப் பெயர்களும், பொருள் தெரிந்த விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்களும்தான் மிச்சம். அதில் ஒரு சொல்லை நமக்காகப் பத்திரப்படுத்தியது நம் எர்னாண்டோதான்.

கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்களை ராஜா பாடச் சொல்வார், ஆடச் சொல்வார். அவர்கள் விழித்துக்கொண்டு நிற்பார்கள். 'என்ன திமிர்!' என்று கொன்றுவிடுவார்கள். ஒருநாள் ராஜா எர்னாண்டோவைக் கூப்பிட்டு, உன் ஆட்கள் ஏன் சொன்னதைக் கேட்பதே இல்லை என்று விசாரித்தார். அவன், அவர்கள் கீழ்ப்படியாதவர்கள் இல்லை, உங்கள் மொழி அவர்களுக்குப் புரியவில்லை என்றான். ராஜா நம்பவில்லை. என் எதிரிலேயே அவர்களிடம் ஏதாவது சொல்லிப் பாருங்கள் என்றான் எர்னாண்டோ. ராஜா சிரித்துக்கொண்டே புதிதாக வந்தவர்களைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அவர்கள் திருதிருவென்று விழித்து, எர்னாண்டோவிடமே 'என்ன சொல்கிறார்?' என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த, மொழி தெரிந்த கறுப்பினத்தவர் ஒருவரும், ஆமாம் ராஜா, இவர்களுக்கு நிஜமாகவே புரியவில்லை என்று சொன்னார். அப்போதுதான் ராஜா நம்பினார். இனிமேல் மொழி தெரிந்த ஆள் இல்லாமல் யாரும் அவர்களை நெருங்கக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

ராஜா சொன்ன அந்தச் சொல், 'செலெதெகா'. ஓடிப்போய், உயரத்தில் ஏறி, யாராவது வருகிறார்களா என்று பார் என்று பொருள்.